கோப்பையில் இருப்பது எந்தக் காப்பி?

சனிக்கிழமை காலை. பசியாற வந்தவர்களால் காப்பிக்கடை நிரம்பியிருக்கிறது. "கோப்பி ஓ கோசோங்" என்கிறார் ஒருவர். "கோப்பி சி, குராங் மானிஸ்" என்கிறார் அடுத்தவர். இன்னொருவருக்குக் கெட்டியாக வேண்டும். அவர் மனைவிக்குத் தண்ணீர் கூட்டி வேண்டும். கூட வந்த மாமியாருக்கு ஆற்றிக் கொடுக்க வேண்டும். பால் எது, சீனி எவ்வளவு, திடம் எவ்வளவு என்று ஒவ்வொருவரும் அளந்து சொல்கிறார்கள். கடைக்காரரும் எதையும் எழுதிக்கொள்ளாமல் அத்தனையையும் நினைவில் வைத்துக் கொண்டுவந்து வைக்கிறார்.

ஆனால் ஒன்றை மட்டும் யாரும் கேட்பதில்லை. அது எந்தக் காப்பி? எங்கே விளைந்தது? எப்போது வறுத்தது?

டுரியான் கடையில் நின்றால் முசாங் கிங்கா, டி24ஆ என்று கேட்காமல் நாம் விலை பேசுவதில்லை. அரிசி என்றால் பொன்னியா, பாஸ்மதியா என்று பார்க்கிறோம். மாம்பழத்துக்குப் பெயர் உண்டு, மீனுக்குப் பெயர் உண்டு. நாள் தவறாமல் குடிக்கும் காப்பிக்கு மட்டும் 'காப்பி' என்ற ஒரே பெயர் போதும் என்று இருந்துவிட்டோம்.

அந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கியவர்கள் இன்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பெருகி வருகிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்பவர்கள், சிறிய அளவில் காப்பிக்கொட்டை வறுத்து விற்பவர்கள்.

முதல் மிடறும் முகச்சுளிப்பும்

ஒரு காப்பிப் பிரியரை எடுத்துக்கொள்வோம். வயது நாற்பதைத் தாண்டியவர். தோட்டப்புற வீட்டில் பாட்டி கொடுத்த வரக்காப்பியில் தொடங்கி, இன்று நாளைக்கு நான்கு கோப்பை வரை வந்து நிற்பவர். காப்பியைப் பற்றித் தமக்குத் தெரியாதது இல்லை என்று நினைப்பவர். ஒரு நாள் நண்பர் அவரைச் சிறிய வறுப்பகம் ஒன்றுக்கு அழைத்துப் போகிறார். கண்ணாடிக் குடுவையில், தேநீர் நிறத்தில் ஒரு காப்பி வருகிறது. பால் கிடையாது, சீனி கிடையாது. விலையோ வழக்கமான காப்பிக்கடை விலையைப் போல் ஐந்தாறு மடங்கு. ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளிக்கிறார்.

"என்னங்க இது, புளிக்குது?"

"காப்பி ஒரு பழத்தோட கொட்டைதானே லா. பழத்துக்குக் கொஞ்சம் புளிப்பு இல்லாம இருக்குமா?" என்கிறார் நண்பர்.

இந்த இடத்தில் பலர் கோப்பையை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். அதில் தவறில்லை. ஆனால் நண்பர் சொன்னது உண்மை. காப்பி என்பது சிவந்து பழுக்கும் ஒரு சிறு பழத்தின் விதை. பழத்துக்குள் பெரும்பாலும் இரண்டு விதைகள், ஒன்றன் தட்டையான பக்கம் மற்றதைப் பார்த்தபடி ஒட்டியிருக்கும். காப்பிச் செடி எங்கே நின்றது, எந்த உயரத்தில் நின்றது, பழம் முழுதாகப் பழுத்ததா, பறித்த பிறகு அதை எப்படிக் காய வைத்தார்கள் என்பதெல்லாம் அந்த விதைக்குள் சுவையாகச் சேர்ந்திருக்கின்றன. அதைக் கோப்பை வரை கொண்டுவருவதா, வழியிலேயே கருக்கிவிடுவதா என்பது வறுப்பவர் கையில் இருக்கிறது.

காப்பியில் மூன்று குடும்பங்கள்

உலகச் சந்தையில் காப்பி என்று விற்கப்படுவது பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று அராபிக்கா. எத்தியோப்பியாவின் மலைக்காடுகளைத் தாயகமாகக் கொண்டது. குளிர்ந்த மலைப்பகுதியை விரும்பும். மணமும் இனிப்பும் மென்மையான புளிப்பும் கொண்டது. உலக விளைச்சலில் பாதிக்கு மேல் இதுதான். மற்றொன்று ரொபஸ்டா. வெப்பமான தாழ்நிலத்திலும் வளரும், நோயைத் தாங்கும், நிறையக் காய்க்கும். அராபிக்காவைவிட இதில் கஃபீன் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கசப்பும் திடமும் அதிகம். உலகிலேயே அதிக ரொபஸ்டா விளைவிக்கும் நாடு வியட்நாம்.

மூன்றாவதாக ஒரு குடும்பம் உண்டு. அதன் பெயர் லிபரிக்கா. மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியா நாட்டின் பெயரால் வழங்குவது. உலகச் சந்தையில் அதன் பங்கு மிகச் சிறியது. பெரும்பாலான நாடுகளில் காப்பி குடிப்பவர்கள் அதன் பெயரைக்கூடக் கேட்டதில்லை. அதை வணிக முறையில் பயிரிடும் மிகச் சில நாடுகளில் மலேசியாவும் ஒன்று. இந்த மூன்றாவது குடும்பத்தைப் பற்றிப் பின்னால் பார்ப்போம். நம் கதையோடு அதற்கு நெருங்கிய தொடர்பு உண்டு.

கருப்புக் காப்பியின் இரகசியம்

நமக்குப் பழகிய காப்பிக்கடைக் காப்பி ஏன் அவ்வளவு கருப்பாக, அவ்வளவு கெட்டியாக இருக்கிறது? அந்தக் கருமை முழுவதும் கொட்டையிலிருந்து வந்தது அன்று. கொட்டையை வறுக்கும்போது சீனியும் மார்ஜரினும் சேர்ப்பார்கள். சீனி உருகி, பாகாகி, கருகிக் கொட்டையின் மேல் பளபளப்பான பூச்சாகப் படியும். அந்தப் பாகின் மணமும் கசப்பும்தான் காப்பிக்கடையின் வாசலிலேயே நம்மை இழுக்கும் மணம்.

இந்த முறைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. சீனாவின் ஹைனான் தீவிலிருந்து மற்றவர்களுக்குப் பின்னால் வந்து சேர்ந்தவர்களுக்கு அன்றைய மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பெரிய தொழில்கள் எளிதில் கிடைக்கவில்லை. பலர் வெள்ளைக்காரர் வீடுகளில் சமையல்காரர்களாக வேலை செய்தார்கள். பின்னர் காப்பிக்கடை வைத்தார்கள். அவர்கள் கைக்கு எட்டியது விலை குறைந்த ரொபஸ்டாவும் இந்த வட்டாரத்துத் தாழ்நிலக் கொட்டைகளும்தான். அதன் முரட்டுக் கசப்பை மறைக்கச் சீனியும் கொழுப்பும் உதவின. துணிப்பையில் வடித்து, இனிப்புக் கெட்டிப்பால் கலந்து கொடுத்தார்கள். இருந்ததைக் கொண்டு எல்லாராலும் வாங்கக்கூடிய ஒரு சுவையை உண்டாக்கினார்கள். அதைக் குறைத்துப் பேச இடமில்லை. ஈப்போவின் வெள்ளைக் காப்பியும் இதன் கிளைதான். அதில் வறுக்கும்போது சீனி சேர்ப்பதில்லை, மார்ஜரின் மட்டுமே. அதனால்தான் நிறம் வெளுத்து, கசப்பு குறைந்திருக்கிறது.

தமிழர் வீட்டு டிகிரி காப்பியிலும் இப்படி ஒரு துணைப்பொருள் உண்டு. அது சிக்கரி என்ற கிழங்கின் வறுத்த தூள். காப்பி-சிக்கரிக் கலவையில் காப்பி குறைந்தது 51 விழுக்காடு இருக்க வேண்டும் என்கிறது இந்திய உணவு விதி. அப்படியென்றால் மீதி 49 விழுக்காடு வரை சிக்கரியாக இருக்கலாம். பல ஆண்டுகளாக 'நல்ல காப்பி மணம்' என்று நாம் மெச்சியதில் ஒரு பங்கு கிழங்கின் மணம் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

சீனியோ சிக்கரியோ குற்றம் அன்று. விரும்பிக் குடிப்பவர் குடிக்கலாம். ஆனால் எது காப்பி, எது கலவை என்று தெரிந்து குடிப்பது வேறு, தெரியாமல் குடிப்பது வேறு. மலேசியாவில் 2023ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வு, பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதாகக் காட்டியது. கெட்டிப்பால் கலந்த காப்பியை நாளுக்கு நான்கு முறை குடிக்கும் நாட்டில், சீனி இல்லாமலும் குடிக்கத் தகுந்த காப்பி ஒன்று உண்டு என்பது சின்னச் செய்தி அன்று.

வறுப்பகத்தில் என்ன நடக்கிறது?

பச்சைக் காப்பிக்கொட்டையை முகர்ந்து பார்த்தால் காப்பி மணமே இருக்காது. காய்ந்த புல்லின் மணம்தான் வரும். அதைச் சுழலும் உருளையில் இட்டுச் சூடேற்றுகிறார்கள். முதலில் ஈரம் வெளியேறும். நிறம் மஞ்சளாகும். ரொட்டி சுடும் மணம் எழும். பிறகு பழுப்பாகும். வெப்பம் ஏறக்குறைய 200 பாகை செல்சியசை நெருங்கும்போது கொட்டைகள் சோளப்பொரி போல் 'படபட'வென்று வெடிக்கும். இதை முதல் வெடிப்பு என்பார்கள். இது முடிந்த சிறிது நேரத்தில் இறக்கினால் இளவறுவல். இன்னும் கொஞ்சம் விட்டால் நடுவறுவல். மேலும் விட்டால் இரண்டாம் வெடிப்பு வரும், எண்ணெய் மேலே கசியும். அது கடும் வறுவல். மொத்தமும் பத்துப் பதினைந்து நிமிட வேலைதான். கடைசி ஒரு நிமிடத்தில் காட்டும் கவனமே சுவையைத் தீர்மானிக்கிறது.

கடும் வறுவலில் எல்லாக் கொட்டைகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஆகிவிடும். மணத்தக்காளியையும் சுண்டைக்காயையும் வற்றலாக்கிக் கருக வறுத்தால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாமல் போவதைப் போல. பெரிய தொழிற்சாலைகளுக்கு அது வசதி. பல நாட்டுக் கொட்டைகளைக் கலந்தாலும் ஆண்டு முழுவதும் ஒரே சுவையைத் தர வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருக்கிறது. சிறு வறுப்பாளர் செய்வது இதற்கு நேர்மாறு. ஒரு முறைக்குச் சில கிலோ மட்டும் வறுக்கிறார். ஒரு பண்ணையின் கொட்டையை இன்னொன்றோடு கலக்காமல், அதன் தனிச்சுவை தெரியும் வரை மட்டும் வறுத்து நிறுத்துகிறார்.

இந்தப் போக்குக்கு அரை நூற்றாண்டு வயது ஆகிவிட்டது. எர்னா நட்சன் என்ற அமெரிக்கக் காப்பி வணிகர் 1974இல், தனித்தனி நிலத்தின் தனிச்சுவை கொண்ட கொட்டைகளைக் குறிக்கச் 'சிறப்புக் காப்பி' என்ற பொருள்பட ஒரு சொல்லைப் பயன்படுத்தினார். பின்னர் அதற்கு நூற்றுக்கு மதிப்பெண் போடும் முறை வந்தது. பயிற்சி பெற்ற சுவைஞர்களிடம் 80 அல்லது அதற்கு மேல் பெற்றால் அது சிறப்புக் காப்பி என்று வழக்கில் நிலைத்தது. சிங்கப்பூரில் எவர்டன் பார்க் போன்ற பழைய வீவக கட்டடங்களின் கீழ்த்தளத்திலும், மலேசியாவில் கோலாலம்பூர், பினாங்கு, ஈப்போ கடைவீடுகளிலும் 2010க்குப் பிறகு இத்தகைய காப்பிக்கூடங்கள் ஒவ்வொன்றாக வந்தன.

பொட்டலத்தைப் படிப்பது எப்படி?

நம் காப்பிப் பிரியர் இரண்டாம் முறை வறுப்பகத்துக்குப் போகிறார். இம்முறை குடிக்க அன்று, வாங்க. ஒரு பொட்டலத்தை எடுத்துப் பார்க்கிறார். அதில் எழுதியிருப்பது ஒரு பிறப்புச் சான்றிதழைப் போல் இருக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது வறுத்த தேதி. கெடுதேதி மட்டும் அச்சிட்டு, வறுத்த தேதியைச் சொல்லாத பொட்டலம் எத்தனை மாதம் அலமாரியில் இருந்தது என்று வாங்குபவருக்குத் தெரியாது. வறுத்த கொட்டையிலிருந்து சில நாள்களுக்குக் கரியமில வாயு வெளியேறிக்கொண்டே இருக்கும். அது வெளியேறவும் வெளிக்காற்று உள்ளே புகாமல் இருக்கவும்தான் பொட்டலத்தில் சின்னஞ்சிறு துளை மூடி வைத்திருக்கிறார்கள். வறுத்த நான்கைந்து நாளிலிருந்து ஏறக்குறைய ஒரு மாதம் வரை சுவை நன்றாக இருக்கும். அரைத்த தூளோ வெகு விரைவில் மணத்தை இழந்துவிடும். ஆகவே கொட்டையாக வாங்கி, வேண்டும்போது அரைப்பதே சிறந்தது.

இரண்டாவது, விளைந்த இடம். நாட்டின் பெயர் மட்டும் இருந்தால் அது பாதி முகவரி. வட்டாரம், பண்ணை அல்லது கூட்டுறவுச் சங்கம், நிலத்தின் உயரம் ஆகியவையும் இருந்தால் வறுப்பவருக்குத் தம் கொட்டையின் ஊர் தெரியும் என்று பொருள்.

மூன்றாவது, பதப்படுத்திய முறை. பழத்தின் சதையை நீக்கி, விதையைக் கழுவிக் காய வைத்தால் அது கழுவிய காப்பி. சுவை தெளிவாகவும் புளிப்பு பளிச்சென்றும் இருக்கும். பழத்தோடு அப்படியே வெயிலில் காய வைத்துப் பிறகு தோலுடைத்தால் அது இயற்கை முறை. இனிப்பும் பழவாசமும் தூக்கலாக இருக்கும். இரண்டுக்கும் இடைப்பட்டது தேன் முறை. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அதில் தேன் சேர்ப்பதில்லை. சதையின் பிசுபிசுப்போடு காய வைப்பதால் வந்த பெயர் அது.

நான்காவதாகச் சில சுவைப் பெயர்கள் அச்சிடப்பட்டிருக்கும். மல்லிகை, எலுமிச்சை, கரும்புச்சாறு, கொக்கோ என்றெல்லாம். இவை எதுவும் கலக்கப்பட்டவை அல்ல. குடிக்கும்போது நினைவுக்கு வரக்கூடியவை என்று வறுப்பவர் சொல்லும் அடையாளங்கள் மட்டுமே. நமக்கு மல்லிகை தெரியாமல் பனங்கற்கண்டு தெரிந்தால் அது நம் நாக்கின் குறை அன்று. அவரவர் உண்டு வளர்ந்ததைக் கொண்டுதான் நாக்கு பெயர் சொல்லும்.

வீட்டிலேயே ஒரு சுவைப் பரிசோதனை

காப்பி வணிகர்கள் கொட்டையைச் சோதிக்கும் முறை மிக எளிமையானது. விலை உயர்ந்த இயந்திரம் எதுவும் வேண்டாம். ஒரே அளவுள்ள மூன்று கோப்பைகளை எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்று வெவ்வேறு கொட்டைகளைச் சற்றுக் கொரகொரப்பாக அரைத்து, கோப்பைக்கு 10 கிராம் வீதம் போட வேண்டும். முதலில் உலர்ந்த தூளை முகர்ந்து பார்க்க வேண்டும். பிறகு கொதித்து அரை நிமிடம் அடங்கிய நீரை ஒவ்வொன்றிலும் 180 மில்லிலிட்டர் ஊற்றி, கிளறாமல் நான்கு நிமிடம் விட்டுவிட வேண்டும். மேலே தூள் ஏடு போல் கட்டியிருக்கும். கரண்டியால் அதை மெல்ல உடைத்துக்கொண்டே மூக்கை அருகில் கொண்டுபோனால், அந்த ஒரு நொடியில் வரும் மணம்தான் கொட்டையின் முழு மணம்.

மேலே மிதப்பதை வழித்து எடுத்துவிட்டு, குடிக்கும் சூட்டுக்கு ஆறியதும் கரண்டியில் எடுத்துச் 'சர்ர்' என்று சத்தமாக உறிஞ்ச வேண்டும். பெரியவர்கள் பார்த்தால் திட்டுவார்கள்தான். ஆனால் காற்றோடு சேர்ந்து உறிஞ்சும்போதுதான் மணம் தொண்டை வழியாக மூக்கைச் சென்று சேரும். சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி மூக்கின் வேலை. சளி பிடித்திருக்கும்போது சோறு சப்பென்று இருப்பது அதனால்தான்.

மூன்றையும் ஒரு சுற்று சுவைத்துவிட்டுப் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி சுவைக்க வேண்டும். இங்கேதான் உண்மை வெளிவரும். சூட்டில் நாக்குக்குக் குறைகள் எளிதில் தெரியாது. ஆறிய பிறகு மட்டமான கொட்டை கசந்து, மரத்தூள் போலாகிவிடும். நல்ல கொட்டையோ ஆற ஆற இனிப்புக் கூடும். ஆறிய காப்பி பொய் சொல்லாது.

நம் காப்பிப் பிரியர் இதைச் செய்து பார்க்கிறார். முன்பு முகம் சுளித்த அதே எத்தியோப்பியக் காப்பி ஆறிய நிலையில் எலுமிச்சைத் தேநீர் போல் இருப்பதை உணர்கிறார். ஆனாலும் அவருக்குப் பிடித்தது நடுவறுவலான சுமத்ரா கொட்டைதான். அதுவும் சரியே. சிறு வறுப்பாளரிடம் போவது, இளவறுவல்தான் உயர்ந்தது என்று ஒப்புக்கொள்வதற்காக அன்று. தமக்கு எது பிடிக்கிறது, ஏன் பிடிக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காக. சிறியது என்பதாலேயே எல்லாம் நல்லதாகிவிடாது. சரியாக வேகாத கொட்டையைப் 'பழப்புளிப்பு' என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. பச்சைக் கடலை போல் வாசம் வந்தால் அது பழமும் அன்று, புளிப்பும் அன்று. வேகாத கொட்டை, அவ்வளவுதான்.

ஒரு கோப்பையில் விவசாயிக்கு எவ்வளவு?

"அதற்காக இவ்வளவு விலையா?" என்ற கேள்வி நியாயமானது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு கிலோ பச்சைக் கொட்டையை வறுத்தால் எடை குறைந்து ஏறக்குறைய 850 கிராம் தேறும். கோப்பைக்கு 15 கிராம் என்றால் 56 கோப்பை. 1989இல் உலகக் காப்பி ஒப்பந்தத்தின் ஏற்றுமதி ஒதுக்கீட்டு முறை முறிந்த பிறகு விலை நிலைகுலைந்தது. 2001இல் நியூயார்க் சந்தையில் அராபிக்கா விலை பவுண்டுக்கு 50 அமெரிக்கக் காசுக்கும் கீழே விழுந்தது. அந்த விலையில் ஒரு கோப்பைக்கான பச்சைக் கொட்டையின் மதிப்பு 2 காசு. அந்த 2 காசிலும் ஏற்றுமதியாளர், இடைத்தரகர் பங்கு போக மிஞ்சியதுதான் பயிரிட்டவருக்கு. பல நாடுகளில் குடும்பங்கள் தோட்டத்தைக் கைவிட்டு ஊரைவிட்டே போயின. அதே ஆண்டுகளில் பெருநகரக் கடைகளில் ஒரு கோப்பை காப்பியின் விலை குறையவில்லை.

பிரேசிலிலும் வியட்நாமிலும் வறட்சி வாட்டிய பின், 2025 பிப்ரவரியில் அதே அராபிக்கா பவுண்டுக்கு 4 அமெரிக்க டாலரைத் தாண்டியது. அப்போதும் ஒரு கோப்பைக்கான பச்சைக் கொட்டையின் மதிப்பு ஏறக்குறைய 16 காசுதான். நாம் கொடுக்கும் விலையில் கடை வாடகை, சம்பளம், பால், மின்சாரம் ஆகியவைதான் பெரும்பங்கு.

சிறு வறுப்பாளர்களில் சிலர் இந்தக் கணக்கைத் திறந்து காட்டுகிறார்கள். யாரிடம் வாங்கினோம், என்ன விலை கொடுத்தோம் என்று பொட்டலத்திலோ கடையிலோ சொல்கிறார்கள். தரத்துக்கேற்பச் சந்தை விலையைவிடக் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். எல்லாரும் அப்படி இல்லை. ஆகவே கேட்க வேண்டியது வாங்குபவரின் பொறுப்பு. பெயர் தெரியாத கொட்டைக்குப் பெயர் தெரியாத விவசாயி. பெயரைக் கேட்டால்தான் அவருக்கு முகம் கிடைக்கிறது.

பால்மரத்துக்கு முன் காப்பி மரம்

இப்போது அந்த மூன்றாவது குடும்பத்துக்கு வருவோம்.

நம் முன்னோர்கள் மலாயாவுக்குப் பால்மரம் வெட்ட வந்தார்கள் என்றே நம்மில் பலர் சொல்லிப் பழகியிருக்கிறோம். அது முழுக் கதை அன்று. பால்மரத்துக்கு முன்பே இந்த மண்ணில் கரும்புத் தோட்டங்களும் காப்பித் தோட்டங்களும் இருந்தன. தென்னிந்தியத் தொழிலாளர்கள் அங்கே வேலை செய்தார்கள்.

1869இல் இலங்கையின் காப்பிச் செடிகளில் இலைத்துரு என்ற பூஞ்சை நோய் கண்டறியப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் அது அந்தத் தீவின் காப்பித் தொழிலையே அழித்தது. அங்கே தேயிலை வந்தது. தோட்ட முதலாளிகளில் சிலர் மலாயாவுக்கு வந்து சிலாங்கூர், பேராக், நெகிரி செம்பிலான் பகுதிகளில் காடு அழித்துக் காப்பி நட்டார்கள். மலாயாவின் வெப்பமான தாழ்நிலத்தில் அராபிக்கா சரிப்பட்டு வரவில்லை. தாழ்நிலத்தைத் தாங்கிய லிபரிக்காதான் நிலைத்தது. சஞ்சிக்கூலி முறையிலும் கங்காணி முறையிலும் வந்த தமிழர்களின் கைகள் அந்தக் காட்டைத் திருத்தின, கன்றுகளை நட்டன, பழம் பறித்தன.

1890களின் பிற்பகுதியில் பிரேசில் அளவுக்கு மீறி விளைவித்ததால் உலகச் சந்தையில் காப்பி விலை சரிந்தது. அதே வேளையில் சிங்கப்பூர்ப் பூமலையின் இயக்குநராக 1888இல் பொறுப்பேற்ற ரிட்லி, ரப்பர் நடுங்கள் என்று தோட்டக்காரர்களை வற்புறுத்திக்கொண்டிருந்தார். காஜாங்கின் இஞ்ச் கென்னத் தோட்டம் உட்படக் காப்பித் தோட்டங்கள் ஒவ்வொன்றாக ரப்பருக்கு மாறின. காப்பி மரங்கள் போயின. அவற்றை நட்ட கைகள் பால்வாளியைத் தூக்கின. மீதிக் கதை நாம் அறிந்ததே.

பலாப்பழ வாசமுள்ள காப்பி

ஆனால் லிபரிக்கா முற்றிலும் மறையவில்லை. ஜொகூர், சிலாங்கூரின் மேற்குக் கரையோரச் சிறு தோட்டங்களில், தென்னைக்கு நடுவே ஊடுபயிராக அது நின்றது. மலேசியாவில் விளையும் காப்பியில் பெரும்பகுதி நெடுங்காலமாக லிபரிக்காவே. அது செடி அன்று, மரம். வெட்டிவிடாமல் வளரவிட்டால் 10 மீட்டருக்கு மேல் உயரும். இலை பெரிது, பழம் பெரிது, சதை தடிப்பு. ஆகவே பழத்தின் எடையில் கொட்டை தேறுவது குறைவு, பறிப்பதும் காய வைப்பதும் கடினம். இத்தனை பாடுபட்டும் சாதாரணக் கொட்டையின் விலையே கிடைத்ததால் பல விவசாயிகள் அதை வெட்டிவிட்டுச் செம்பனைக்கு மாறினார்கள். மலேசியா இன்று தான் குடிக்கும் காப்பியில் பெரும்பகுதியை வியட்நாம், இந்தோனேசியா போன்ற நாடுகளிலிருந்து இறக்குமதி செய்கிறது.

எஞ்சிய லிபரிக்காவும் சீனி, மார்ஜரின் பூச்சுக்குள் மறைந்துபோனது. அதன் சொந்தச் சுவை என்னவென்று அதைப் பயிரிட்டவர்களுக்கே தெரியாத நிலை இருந்தது.

ஜொகூரிலும் சரவாக்கிலும் சில சிறு வறுப்பாளர்கள் இதை மாற்றத் தொடங்கினார்கள். விவசாயியிடம் நேரில் போய், பழுத்த பழத்தை மட்டும் பறித்துத் தந்தால் கூடுதல் விலை தருவதாகச் சொன்னார்கள். கவனமாகக் காய வைத்து, எதுவும் சேர்க்காமல் வறுத்தார்கள். கோப்பையில் வந்தது பலாப்பழ வாசம். முதல் முறை குடிப்பவர்கள் பலரும் சொல்வது அதைத்தான். வாயில் கெட்டியாக நிற்கும், புளிப்பு குறைவு, இனிப்பு உண்டு. புளிப்பைக் கண்டு முகம் சுளித்தவர்களுக்கு இது எளிதில் பிடித்துப்போகிறது.

இதில் உலகத்துக்கும் அக்கறை உண்டு. லண்டன் கியூ தாவரவியல் பூங்கா ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், அறியப்பட்ட 124 காட்டுக் காப்பி இனங்களில் 60 விழுக்காடு அழியும் ஆபத்தில் இருப்பதாகக் கண்டார்கள். பூமி சூடேறும்போது அராபிக்காவுக்கு ஏற்ற குளிர்ந்த மலைகள் சுருங்கும். வெப்பமான தாழ்நிலத்தில் வளரும் லிபரிக்கா வருங்காலத்தில் முக்கியப் பயிராக மீண்டு வரலாம் என்று அதே பூங்காவின் ஆய்வாளர்கள் 2022இல் எழுதினார்கள். நம் அண்டை வீட்டில் வெட்டப்படும் மரத்தை உலகம் தேடத் தொடங்கியிருக்கிறது.

கேட்க வேண்டிய ஒரு கேள்வி

நம் காப்பிப் பிரியர் இன்றும் சனிக்கிழமை காலையில் அதே காப்பிக்கடையில்தான் பசியாறுகிறார். அதே கோப்பி ஓ தான். அதை விட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் ஒரு சிறு அரவை இயந்திரமும், வறுத்த தேதி எழுதிய ஒரு பொட்டலமும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மாலையில் பிள்ளைகளுக்கும் ஒரு கரண்டி கொடுத்து, "என்ன வாசம் வருது, சொல்லு" என்று கேட்கிறார். "பலாப்பழம்" என்கிறாள் மகள். "இது எங்கே விளைஞ்சது தெரியுமா?" என்று அவர் தொடங்கும்போது, காப்பித் தோட்டத்துக்கு வந்தவர்களின் கதையும் கூடவே வருகிறது.

மாதத்துக்கு ஒரு பொட்டலம் போதும். வாங்கும்போது மூன்று கேள்விகள் போதும். எந்தக் காப்பி, எங்கே விளைந்தது, எப்போது வறுத்தது? பதில் சொல்லத் தெரிந்த கடைக்காரர் மகிழ்ந்து சொல்வார். பதில் தெரியாதவர் அடுத்த முறைக்குள் தெரிந்துகொள்வார். கேட்பவர்கள் கூடினால், ஜொகூரின் கரையோரத்தில் கோடரியோடு நிற்கும் ஒரு விவசாயி தம் காப்பி மரத்தை இன்னும் ஓர் ஆண்டு விட்டுவைக்கக்கூடும்.